மலை ஏறத் தகுதியானவர்

தேசியப் பூங்காவுக்குள் நடைப்பயணம் போக விரும்புகிறவர் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று விதி இருந்தது. விண்ணப்பிக்கிறவர் அரசு ஊழியராக இருந்தால் தன் அலுவலகத் தலைவர் வழியாக அனுப்ப வேண்டும். மற்றவர்கள் நேரடியாக அனுப்பலாம். இதுவும் விதிதான். இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. நான் எர்ணாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகளை மனப்பாடமாகச் சொல்லும் கெட்ட பழக்கம் இன்னும் விடவில்லை.

இந்த இரண்டில் ஒரு விதியாவது நடப்பில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. என் மனைவியின் தம்பி அரசு ஊழியன் அல்ல. ஏலூரில் பெரியாற்றங்கரையில் வரிசையாக நின்ற தொழிற்சாலைகளில் ஒன்றில், அமிலம் தயாரிக்கிற பிரிவில் ஆபரேட்டர். எந்தத் தொழிற்சாலை என்று சொல்லப்போவதில்லை. பூங்காவின் பெயரும் வேண்டாம். அந்த அலுவலகங்களில் அன்று இருந்தவர்கள் இன்று என்னைப் போல் பென்ஷன் வாங்கிக்கொண்டு, என்னைப் போல் மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டு இருப்பார்கள். அவர்களை நிம்மதியாக விட்டுவிடலாம்.

அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான். ஷிஃப்ட் முடிந்து படகு பிடித்து வந்து இறங்கி, கீழே நின்று அக்காவிடம் ஒரு சாயா வாங்கிக் குடித்துவிட்டு, மரப்படி அதிர மேலே ஓடுவான். எழுபதுகளின் கடைசியில் அந்த ஓட்டம் நடையாயிற்று. பிறகு படியில் பாதி வழியில் ஒரு நிற்பு வந்தது. நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமுவான். இருமி முடித்ததும் யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் சீட்டியடித்துக்கொண்டு மேலே போவான். நாங்களும் பார்க்காதவர்கள் போல் இருந்தோம். அந்த வீட்டில் எல்லோருக்கும் நல்ல வளர்ப்பு.

எர்ணாகுளத்தில் ஒரு மார்பு நோய் நிபுணர் அவனைப் பார்த்துவிட்டு, ஆசிட் பிளான்ட்டை விட்டு வெளியே வந்தால் இருக்கிற நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இருந்தால் அதுவும் போகும் என்றார். அவன் மருத்துவக் காரணம் காட்டி டைம் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தான். டைம் ஆபீஸ் என்பது வருகைப் பதிவு வைக்கிற இடம்; வாசல் பக்கம், காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்தது. அந்த விண்ணப்பத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அது பெர்சனல் பிரிவில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் அமிலப் பிரிவிலிருந்து வேளையோடு வெளியே வருவானா என்பது ஒன்றுதான் அப்போது எங்கள் வீட்டின் கவலை. மற்றதெல்லாம் அதை மறப்பதற்காகச் செய்தவை.

மலையும் அப்படித்தான் வந்தது. நிபுணர் போகிறபோக்கில், வருஷத்தில் சில நாளாவது உயரமான, உலர்ந்த இடத்தில் போய் இருந்துவிட்டு வரலாமே என்று சொல்லியிருந்தார். இவன் அதைப் பிடித்துக்கொண்டான். மலையாள வாரப் பத்திரிகை ஒன்றில் கிழக்கே புதிதாகத் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட மலையைப் பற்றிப் படத்தோடு கட்டுரை வந்திருந்தது. புல்வெளி, பள்ளங்களில் மட்டும் கறுத்த காடு, பாறை விளிம்பில் வரையாடு. அனுமதி வாங்கினால் வனக் காவலர் ஒருவருடன் இரண்டு இரவு மரக்கொட்டகையில் தங்கி மூன்று நாள் நடக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

“அத்திம்பேரே, இங்க பாருங்கோ. இந்தப் படத்துல ஒரு புகைக்குழாய் உண்டோ?”

“இல்லை.”

“அதுக்குத்தான் போகணும்.”

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து படத்தைப் பார்த்தாள். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். அவள் ஏறிய பெரிய மேடு கோவில் நடைப்படிதான். பார்த்துவிட்டு, “மூணு பேர்னு எழுதுங்கோ,” என்றாள். ஏன் என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் போனா ஒருத்தன் இருமிண்டு நிப்பான், இன்னொருத்தர் அங்க இருக்கற போர்டுல எழுத்துப்பிழை பாத்துண்டு நிப்பார். நடக்கறதுக்கு ஒரு ஆள் வேண்டாமா?”

அப்படி மூன்று பேரானோம். அந்தச் சில மாதங்கள் எங்கள் வீட்டில் நடந்த ஏற்பாடுகளைப் பார்த்தவர்கள் நாங்கள் இமயமலைக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். எர்ணாகுளம் பிராட்வேக் கடைத்தெருவுக்குப் போய் மூன்று ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கினோம். என் மனைவி அதுவரை ஷூ போட்டதில்லை. வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினாள்; பூஜை அறையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள். அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த காலுறை என்றார்கள். ஸ்வெட்டர் மூன்றும் இரவல். ஊட்டியில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு குடும்பத்திடம் வாங்கியது, பாச்சை உருண்டை வாசனையோடு. காட்டுக்குள் ஸ்டவ் மூட்டக்கூடாது என்பதால் கெடாத சாப்பாடு பற்றி அக்காவும் தம்பியும் ஒரு வாரம் வாதாடினார்கள். புளியோதரை முதல் நாளைக்கு, அவலும் வெல்லமும் இரண்டாம் நாளைக்கு, மூன்றாம் நாள் யாருக்கும் பசிக்காது என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.

ஏறிப் பழக வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருந்தது. எங்கே ஏறுவது? மட்டாஞ்சேரி தாம்பாளம்போல் தட்டையான ஊர். கடலும் காயலும் இடம் கொடுத்த அளவுக்கு நிலம். ஒரு மழை பெய்தால் அதுவும் இல்லை. உயரமாக இருந்தவை கிடங்குகளின் மாடிப்படிகள் மட்டும்தான். எங்கள் தெருவில் இருந்த ஒருவர் சுக்கு மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்த்தார். அவர் சொல்லி, சாயங்காலம் அந்தக் கிடங்கின் மரப்படியில் ஏறி இறங்க அனுமதி கிடைத்தது. தோள்பையில் மணலை நிரப்பிக்கொண்டு நானும் மச்சினனும் போனோம்.

மூன்றாம் நாளோ என்னவோ, சுமட்டுத் தொழிலாளர் மூப்பன் படியின் அடியில் நின்று எங்களை நிறுத்தினார். யாருடைய லோடு இது என்று கேட்டார். லோடு இல்லை, மணல், பயிற்சிக்காகச் சுமக்கிறோம் என்றேன். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் சுமை ஏற்றுவதும் இறக்குவதும் சங்கத்துக்காரர்கள் உரிமை. கூலியில்லாமல் ஒருவன் படியேறிச் சுமந்தால் நாளைக்கு முதலாளி அதையே வழக்கமாக்கிவிடுவான் என்பது அவர் வாதம். அதில் தவறு காண என்னால் முடியவில்லை. என் அலுவலகத்தில் நானும் அப்படித்தான் வாதாடியிருப்பேன். கடைசியில் சமாதானம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பையைத் திறந்து உள்ளே இருப்பது வியாபாரச் சரக்கு இல்லை என்று காட்டிவிட்டு ஏறலாம். அதன் பிறகு மூப்பன் தினமும் எங்கள் மணலைக் கையை விட்டுச் சோதித்தார். “சேட்டன்மாரே, சம்பளம் இல்லாமல் சுமக்கிற ஆளுகளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்,” என்று சுற்றியிருந்தவர்கள் கேட்க மலையாளத்தில் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே இருமுவார்கள்.

அங்கே எல்லோரும் இருமினார்கள். சுக்கு வெளுப்பதற்குச் சுண்ணாம்பு போடுவார்கள்; அதைப் பெண்கள் சல்லடையில் புடைக்கும்போது எழும் வெள்ளைத் தூசி படியில் ஒட்டி, கைப்பிடியில் ஒட்டி, கண்ணிமையிலும் உட்காரும். பழைய முருங்கைக்காய் போல் உலர்ந்து வளைந்த பெண்கள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு இருமினார்கள். கணக்குப்பிள்ளை இருமினார். மூப்பன் இருமினார். நுரையீரல் கெட்ட ஒருவன் பயிற்சி எடுக்க இதைவிட மோசமான இடம் மாவட்டத்தில் கிடைத்திருக்காது. ஆனால் வேறு இடம் பார்க்கலாமே, கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் நடக்கலாமே என்று நான் சொன்னபோதெல்லாம் அவன் மறுத்தான். ஏன் என்று பிறகு புரிந்தது. அந்தக் கிடங்கில் அவன் இருமலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேறெங்கும் அந்தச் சௌகரியம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

விண்ணப்பத்தோடு மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றிருந்தது. அசிஸ்டன்ட் சர்ஜனுக்குக் குறையாத அரசு மருத்துவர் தர வேண்டும். விண்ணப்பதாரர் உயரமான இடத்தில் கடினமான நடைக்குத் தகுதியானவர் என்று அவர் சொல்ல வேண்டும். இதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழி இருந்தது. தோப்பும்படிப் பக்கம் ஓர் அரசு டாக்டர், சாயங்காலங்களில் வீட்டில் நோயாளிகளைப் பார்ப்பார். எங்கள் அலுவலகத்தில் யாருக்கு நீண்ட லீவு வேண்டுமானாலும் அவரிடம்தான் சான்றிதழ். ஆள் போக வேண்டியதில்லை. பெயர், வயது, எத்தனை நாள் லீவு என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் அனுப்பினால் பொருத்தமான நோயை அவரே தேர்ந்தெடுப்பார். என் பணிப் பதிவேட்டில் எனக்கு ஒருநாளும் வராத மஞ்சள்காமாலை ஒன்று இருக்கிறது. என் தங்கை கல்யாணம் அந்த மாதம்தான் நடந்தது.

அவரிடமே அனுப்பினேன். வருஷக்கணக்காக ஆரோக்கியமானவர்களை நோயாளி என்று எழுதிய கை, அந்த ஒரு தடவை மாற்றி எழுதிற்று. மூன்று சான்றிதழ்களும் ஒரே மையில், ஒரே வாசகத்தில் வந்தன. மச்சினன் தன்னுடையதை வாங்கிப் படித்தான். மார்பும் நுரையீரலும் சோதிக்கப்பட்டன, குறை எதுவும் காணப்படவில்லை, மலை ஏறத் தகுதியானவர்.

“நன்னாத்தான் எழுதியிருக்கார்,” என்றான். “படிச்சாலே மூச்சு நன்னா வரது.”

என் விண்ணப்பம் என் அலுவலகத் தலைவர் வழியாகப் போயிற்று, விதிப்படி. மனைவியுடையதும் மச்சினனுடையதும் நேரடியாக, பதிவுத் தபாலில், அதுவும் விதிப்படி. மழைக்குப் பிறகு அனுப்பினோம். மார்ச்சுக்குள் போய் வந்துவிடலாம் என்று திட்டம். முப்பது நாள் போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். அதன் பிறகு வந்தது பதில் அல்ல, ஆட்சேபம். இரண்டாம் விண்ணப்பதாரர் ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருப்பதால் அவருடைய விண்ணப்பம் நிறுவனத் தலைமையின் வழியாக, எல்லா இணைப்புகளோடும் வர வேண்டும். அதுவரை மூன்றும் நிறுத்திவைக்கப்படுகின்றன.

இது விதியில் இல்லை. அரசு ஊழியர் என்ற சொல்லை யாரோ ஒரு கிளார்க் ஊழியர் என்று அகலமாக எடுத்துக்கொண்டுவிட்டான். என்னிடம் விதியின் நகல் இருந்தது. பத்தி எண் குறித்து, மறுப்பு எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு மச்சினனிடம் நீட்டினேன்.

“இதை அனுப்பிச்சா எப்போ பதில் வரும் அத்திம்பேரே?”

உண்மையைச் சொன்னேன். ஆட்சேபத்துக்கு மறுப்பு வந்தால் அது மேலதிகாரிக்குப் போகும்; அவர் திருவனந்தபுரத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுவார். இந்த வருஷத்து நடைக்காலம் முடிந்துவிடும்.

“அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ,” என்றான், ஷூவின் நாடாவைச் சரிபார்த்துக்கொண்டே. “அவா கேட்டபடியே கம்பெனி வழியா அனுப்பிடலாம். என்ன போயிடப் போறது?”

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கும் அதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. தொழிற்சாலையில் ஒரு காகிதத்தை மேசை மாற்றுவார்கள், முத்திரை குத்துவார்கள், நூலில் கோப்பார்கள். படிப்பார்கள் என்று நாங்கள் மூவருமே நினைக்கவில்லை. அவன் மாற்றல் விண்ணப்பத்தை அதுவரை யாரும் படித்ததற்கு அடையாளமே இல்லை.

பெர்சனல் பிரிவு அதிசயமான வேகத்தில் வேலை செய்தது. ஒரே வாரத்தில், ஆட்சேபணை இல்லை, பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கள் ஊழியர்கள் இப்படிப்பட்ட ஆரோக்கியமான பொழுதுபோக்கில் ஈடுபடுவது மகிழ்ச்சிக்குரியது என்று ஒரு வாக்கியமும் சேர்த்திருந்தார்கள். வழக்கப்படி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து அவனுடைய தனிக் கோப்பில் வைத்தார்கள். அந்தக் கோப்பில் கடைசியாக இருந்தது அவனுடைய மாற்றல் விண்ணப்பம். சான்றிதழ் அதன் மேல் உட்கார்ந்தது.

அடுத்த மாதம் மாற்றல் விண்ணப்பத்துக்கு உத்தரவு வந்தது. அவன் அதைக் கொண்டுவந்த சாயங்காலம் நான் வாசலில் நின்றிருந்தேன். சாயா கேட்கவில்லை. படியின் கீழே உட்கார்ந்து, காகிதத்தை என்னிடம் கொடுத்தான். மனுதாரர் தன் நுரையீரல் பழுதடைந்திருப்பதாகக் கூறுகிறார். ஆனால் அவரே சமர்ப்பித்த, அரசு மருத்துவரின் சமீபத்திய சான்றிதழின்படி அவர் மார்பில் குறை எதுவும் இல்லை, மலை ஏறத் தகுதியானவர். எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. நல்ல வரைவு. ஓர் இடத்திலும் தவறு சொல்ல முடியாது. என் செக்‌ஷனில் யாராவது இப்படி எழுதியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

மனைவி வாங்கிப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“அந்த டாக்டர் இவனைப் பாக்கவே இல்லையே,” என்றாள்.

“அதை யார்ட்ட சொல்றது அக்கா?” என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனான். அது இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

மறுநாள் நானும் அவளும் டாக்டர் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை மரியாதையாக உட்கார வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஆளை நேரில் பார்க்காமல் கொடுத்த சான்றிதழ், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் கெட்டவர் அல்ல. மேசையில் இருந்த காகித எடையை எடுத்து இடம் மாற்றி வைத்தார். பிறகு மலையாளத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“சாரே, உங்கள் ஆபீசுக்கு மட்டும் நான் எத்தனை எழுதியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இது ஒன்று பார்க்காமல் எழுதினது என்று நான் ஒத்துக்கொண்டால், மற்றதெல்லாம் பார்த்து எழுதினதா என்று கேட்பார்கள். அப்போது நான் மட்டும் இல்லை. உங்கள் மஞ்சள்காமாலையும் வரும்.”

என் மனைவி எழுந்து நின்றாள். “வரட்டுமே,” என்றாள். அவருக்குத் தமிழ் புரியும். என்னைத்தான் பார்த்தார். என் செக்‌ஷனில் மட்டும் எத்தனை டைபாய்டு, எத்தனை முதுகுவலி என்று எனக்குத் தெரியும். அவர்களில் தன் கல்யாணத்துக்காக அந்த லீவை எடுத்த பெண் இருந்தாள், அப்பாவின் கருமத்துக்காக எடுத்த பையன் இருந்தான். எல்லோருக்கும் வேலை போகும். ஆனாலும் அவர் எழுதினால் அடுத்த நிமிஷம் என் காமாலையும் பொய் என்று நான் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தேன். அவர் எழுதவில்லை. எழுத வைக்க எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் வழி இல்லை.

திரும்பும்போது அவள் பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இறங்குகிற இடத்தில், “நீங்கள்லாம் கூடிப் பண்ணி வெச்ச ஏற்பாடு ஒண்ணுகூட ஓட்டை இல்லாம நன்னா இருக்கு,” என்றாள். அவ்வளவுதான்.

மீதி இருந்தது மேல்முறையீடு. நிபுணரின் குறிப்பு தனியார் குறிப்பு. கம்பெனி அதை ஏற்காது. அரசு மருத்துவர் ஒருவரின் சான்றிதழை இன்னொரு அரசு மருத்துவரின் சான்றிதழ் மறுக்கவும் முடியாது. இரண்டுக்கும் மேலே மருத்துவக் குழு ஒன்றுதான் இருந்தது. அதற்கு விண்ணப்பித்தோம். குழு கூடுவதற்குப் போதுமான ஆட்கள் சேர வேண்டும் என்று பதில் வந்தது. நோயாளிகள் தனியாக வந்து பயனில்லை, கூட்டமாக வர வேண்டும். ஒவ்வொரு வாரமும் நான் ஆபீசிலிருந்து அரைநாள் லீவு போட்டு விசாரிக்கப் போனேன். இந்தத் தடவை உண்மையான காரணத்தையே எழுதினேன். ஒருவரும் நம்பவில்லை.

அதுவரை அவன் ஆசிட் பிளான்ட்டுக்குத்தான் போய்வந்தான். லீவில் இருக்கலாமே என்றால் மருத்துவ லீவு எடுக்க நோய் வேண்டும். கோப்பின்படி அவனுக்கு நோய் இல்லை. சம்பளமில்லாத லீவும் தீர்ந்தது. ஷிஃப்டில் அவனோடு இருந்தவர்கள் அவனை மலையேறி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. வால்வு திறக்க ஏணியில் ஏற வேண்டிய வேலையை அவனிடமிருந்து வாங்கித் தாங்களே செய்தவர்களும் அவர்கள்தான். “மலையேறி கீழ நில்லு, நாங்க ஏறிக்கறோம்னு சொல்றா,” என்று சொல்லிச் சிரிப்பான்.

பூங்காவிலிருந்து சத்தமே இல்லை. மார்ச் போயிற்று. ஸ்வெட்டர்களைத் திருப்பிக் கொடுத்தோம். கிடங்குக்குப் போவதை நிறுத்தியிருந்தோம். ஒரு நாள் மூப்பன் என்னைத் தெருவில் பார்த்து, மலை எப்படி இருந்தது என்று கேட்டார். இன்னும் போகவில்லை, அனுமதி வரவில்லை என்றேன். மலைக்கும் சங்கம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷுவுக்குப் பிறகு அவனால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே கொண்டுவந்து முன்னறையில் போட்டோம். ஷூ ஜோடியையும் கேட்டு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்த பிறகு மருத்துவக் குழு கூடியது. நானும் அவளும் அவனை டாக்ஸியில் கூட்டிப்போனோம். வாசலிலிருந்து அறைக்கு இருந்த நடையில் அவன் பல தடவை நின்றான். குழுவில் இருந்தவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். படம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள், முதுகில் தட்டிக் கேட்டார்கள். அவன் மார்பை ஓர் அரசு மருத்துவர் தொட்டது அன்றுதான்.

இங்கேயும் ஒரு விதி சொல்ல வேண்டும். ஊழியர் இப்போது பார்க்கும் வேலைக்குத் தகுதியற்றவர் என்று குழு சொன்னால் அவருக்கு இலகுவான வேலை தர வேண்டும். எந்த வேலைக்குமே தகுதியற்றவர் என்று சொன்னால் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். முதல் வரிக்காகத்தான் நாங்கள் இத்தனையும் செய்தோம். போன வருஷம் பார்த்திருந்தால் முதல் வரி கிடைத்திருக்கும். குழு அவனைப் பார்த்தபோது இரண்டாம் வரிக்கு வந்திருந்தான். அவர்கள் எழுதியது சரி. அந்த விவகாரம் முழுவதிலும் உண்மையைச் சொன்ன ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான்; அதனால்தான் அவன் வேலை போயிற்று.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அல்லது எடுத்துக்கொண்டதைக் காட்ட மூச்சு இல்லை. முன்னறை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருப்பான். படுத்தால் மூச்சு நின்றுவிடும். சில நாள் காற்று கிடங்குகளின் பக்கமிருந்து வீசும். அப்போது ஜன்னலைச் சாத்தச் சொல்வான். அக்கா சாத்துவாள். கொஞ்ச நேரத்தில் திறக்கச் சொல்வான். அவள் திறப்பாள். கர்க்கடகம், நம் ஆடி மாதம், முழுவதும் இப்படிப் போயிற்று.

கர்க்கடகத்தின் கடைசி நாள், மழை சற்று விட்டிருந்த நேரத்தில் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்தார். பூங்கா அலுவலகம். நிறுவனத் தலைமையின் பரிந்துரை கிடைக்கப்பெற்றது, ஆட்சேபம் நீங்கியது, மூன்று விண்ணப்பதாரர்களுக்கும் வரும் நடைக்காலத்தில் மூன்று நாள் நடைப்பயணத்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது. எங்கள் மூவர் பெயரும் தட்டச்சில் இருந்தன. அவன் பெயருக்கு எதிரே, மருத்துவத் தகுதி சரிபார்க்கப்பட்டது என்று தனியாக ஒரு குறிப்பு.

நான் அதை உறைக்குள் திருப்பிப் போட நினைத்தேன். அவன் கையை நீட்டினான். கொடுத்தேன். அக்கா அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். அவன் மெதுவாக, ஒவ்வொரு வரியாக, நடுநடுவே நிறுத்திப் படித்தான். பிறகு தலையைத் திருப்பி மரப்படியைப் பார்த்தான்.

“மலைக்குக் கிடைச்சுடுத்து அத்திம்பேரே,” என்றான். “இனி மாடிக்கு ஒரு அப்ளிகேஷன் எழுதுங்கோ.”

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் வைக்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் காகிதத்தை வாங்கி மேசையில் வைத்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், முப்பது வருஷமாகச் செய்து வந்ததையே செய்தேன். வலது ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்தேன்: பெற்றது, 16.8.1983.